ஒரே பேக்கேஜ், இரண்டு பதிப்பு: கரண்ட் போனதால் நான் பட்ட பாடு

மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் போட்டோகொப்பிக் கடையைப் பூட்டுவதற்கு முன், கடைக் கணினியில் ஓடும் ஃபெடோரா 39 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அப்டேட் செய்யப் போட்டேன். அறுநூறுக்கு மேல் பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதிகள். பழையவற்றைக் கழிக்கும் 'கிளீனப்' கட்டம் தொடங்கிய கையோடு கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பற்றரி ஏற்கெனவே செத்துக் கிடந்தது. ஆறு மாதமாக மாற்றாமல் விட்டது என் பிழை.

பேக்கேஜ்களை நிறுவி அகற்றும் கருவியான ஆர்பிஎம் முதலில் புதிய பதிப்புகளை எல்லாம் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் பழையவற்றை அகற்றும். இடையில் அறுந்தால் இரண்டுமே தரவுத்தளத்தில் பதிவாகி நிற்கும். காலையில் மெஷின் நல்லபடி எழும்பியது. ஆனால் பேக்கேஜ்களை இறக்கி ஆர்பிஎம் மூலம் அப்டேட் செய்யும் டிஎன்எஃப்பில், பிழை இருக்கிறதா என்று பார்க்கும் 'டிஎன்எஃப் செக்' கட்டளையைக் கொடுத்தால், இந்தப் பதிப்பு அந்தப் பதிப்பின் டூப்ளிகேட் என்று வரிவரியாகத் திரை நிறைய ஓடியது. அடுத்த அப்டேட் சார்புச் சிக்கல் (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான இன்னொன்று பொருந்தவில்லை) என்று சொல்லி நின்றுவிட்டது.

இங்கேதான் முதல் தவறு. பதற்றத்தில் 'டிஎன்எஃப் கிளீன் ஆல்' அடித்தேன். வேலை வெற்றியாக முடியும்வரை இறக்கிய பேக்கேஜ்களை டிஎன்எஃப் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும். அத்தனையையும் நானே துடைத்துவிட்டேன். டொங்கிள் டேட்டாவில் இறக்கியவை! தயவுசெய்து நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். பழையதைக் கையாலேயே அகற்றலாம் என்று 'ஆர்பிஎம் -ஈ' என்ற அகற்றும் கட்டளையைப் போட்டு, அச்சு வேலைக்குத் தேவையான கப்ஸ்-லிப்ஸ் என்று பெயரை மட்டும் கொடுத்தேன். இந்தப் பெயரில் பல பேக்கேஜ்கள் இருக்கின்றன என்று மறுத்தது. தெரிந்த ஒருவரிடம் ஃபோனில் கேட்டபோது, "ஆல்மாட்சஸ் போடு, நோடெப்ஸும் சேர்த்துப் போடு" என்றார். போட்டேன். பழையது மட்டுமல்ல, புதியதும் சேர்ந்தே போய்விட்டது. ஆல்மாட்சஸ் என்றால் பொருந்துகிற எல்லாம் என்று பொருள். நோடெப்ஸ் என்றால் சார்புகளைப் பார்க்காதே என்று பொருள்; அதைப் போட்டதால் தடுக்கவும் ஆளில்லை. அச்சடிக்கும் சேவை எழும்பவே இல்லை. கடையில் அச்சு இல்லையென்றால் எனக்கு வருமானம் இல்லை. பெயருடன் பதிப்பு எண்ணையும் முழுதாகக் கொடுத்திருந்தால் பழையது மட்டும் போயிருக்கும்.

மழையில் பொலித்தீன் சுற்றி, ஓட்டோவில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு திருத்தும் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி திரையை ஒரு தரம் பார்த்தார். "அண்ணை, இது லினக்ஸ். போர்மட் பண்ணி விண்டோஸ் அடிச்சுத் தாறன், நாலு நாளில வாங்கோ." ஃபைல்களை எடுத்துத் தருவீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. வேண்டாம் என்று திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். போக வர ஓட்டோக் காசும் ஒரு பகலும் வீண். அன்று பின்னேரம் கணித ரீச்சர் வந்து, "தம்பி, வெள்ளிக்கிழமை பேப்பர் வேணும்" என்று கேட்டபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு டிஎன்எஃப் கையேட்டை ஆறுதலாக வாசித்தேன். முதலில் செய்ய வேண்டியதை அப்போதுதான் செய்தேன்: '/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ்/ஆர்பிஎம்' கோப்புறையை ஒரு பென்டிரைவில் படியெடுத்தேன். ஃபெடோரா 36 முதல் ஆர்பிஎம் தரவுத்தளம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் 'டிஎன்எஃப் ரிமூவ் --டூப்ளிகேட்ஸ்'. இது பழையதை அகற்றி, புதியதைத் திரும்பவும் நிறுவும். அதற்குப் புதியதன் பேக்கேஜ் கிடைக்க வேண்டும். நான் கேஷைத் துடைத்துவிட்டேன். இணையத்தில் இருக்கும் ஃபெடோராவின் அப்டேட்ஸ் களஞ்சியமோ கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். இடையில் சில பேக்கேஜ்களுக்கு அதைவிடப் புதியது வந்துவிட்டதால், நிறுவியிருப்பது கிடைக்கவில்லை என்று நின்றது.

கையேட்டிலேயே வழி இருந்தது. 'டிஎன்எஃப் ஷெல்' திறந்து, உள்ளே 'ரிமூவ் --டூப்ளிகேட்ஸ்' ஒரு வரி, 'அப்கிரேட்' அடுத்த வரி, பிறகு 'ரன்'. இரண்டையும் ஒரே கணக்காக எடுத்துத் தீர்க்கிறது. அகற்றப்போகும் பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசித்த பிறகே ஆம் சொன்னேன். நீங்களும் அதை அவசரப்படாமல் வாசியுங்கள். டெஸ்க்டொப்பில் டெர்மினல் திறந்து ஓடவிடாமல், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி வரும், எழுத்து மட்டுமான கன்சோலில் செய்தேன். டெஸ்க்டொப் நடுவில் விழுந்தாலும் இதே நிலைதான் வரும். இம்முறை பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டியிருந்தேன்.

நான் சொல்வது டிஎன்எஃப்4. ஃபெடோரா 41இல் டிஎன்எஃப்5 வந்து கட்டளைகள் சில மாறிவிட்டன. உங்கள் பதிப்பின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, மூன்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது டூப்ளிகேட் இல்லை, ஃபெடோரா வேண்டுமென்றே வைத்திருப்பது.

ஒரு மணி நேரம் போல ஓடியது. பிறகு கப்ஸ்-லிப்ஸைத் திரும்ப நிறுவி, 'டிஎன்எஃப் செக்' கொடுத்தேன். ஒரு வரிகூட வராமல் திரும்பியது. ரீச்சரின் பேப்பர் அறுபது பிரதியையும் வியாழன் இரவே அடித்துக் கட்டி வைத்தேன். புது பற்றரி மறுநாளே வாங்கிவிட்டேன்.