அல்ஜீப்ராவுக்கு முன்னாடி பின்னம்: காலேஜ் மேத்ஸுக்கு நான் தயாரான மூணு மாசம்

ஸ்கூல் முடிச்சு ஆறு வருஷம் கழிச்சுதான் காலேஜ் சேரலாம்னு முடிவு பண்ணேன். முதல் செமஸ்டர்லயே மேத்ஸ் பேப்பர் இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு தகுதி டெஸ்ட், அதுல சொன்ன மார்க் வரலன்னா அந்தப் பேப்பர்ல உக்கார முடியாது, ஒரு செமஸ்டர் முழுக்க அடிப்படைக் கணக்கு கிளாஸ் தனியா போகணும். கையில மூணு மாசம் இருந்துச்சு. அந்த மூணு மாசம் எப்படிப் போச்சுன்னு எழுதுறேன், இதே இடத்துல நிக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

முதல்ல ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாத்தேன். 30 கேள்விக்கு 11 சரி. அல்ஜீப்ரா எல்லாம் மறந்துபோச்சு போலன்னு நினைச்சு ரெண்டு வாரம் சமன்பாடா போட்டுத் தள்ளுனேன், மறுபடி எழுதுனா 12. அப்பதான் தப்பான விடை ஒவ்வொண்ணையும் எடுத்து வெச்சு, எந்த வரில தப்பு ஆரம்பிக்குதுன்னு விரல் வெச்சுத் தேடுனேன். பாதிக்கு மேல வழிமுறை சரியாத்தான் இருந்துச்சு, எக்ஸை ஒரு பக்கம் கொண்டு வந்திருக்கேன், எல்லாம் ஒழுங்கு, நடுவுல 3/4-ல இருந்து 5/6-ஐக் கழிக்கிற இடத்துல 1-ன்னு எழுதி வெச்சிருக்கேன். மேல 3 - 5, கீழ 4 - 6, ரெண்டும் மைனஸ் 2, அதனால 1. கொஞ்சம் நிதானமா பாத்தாலே தெரியும், முக்கால்ல இருந்து அதைவிடப் பெரிய ஒண்ணைக் கழிச்சா மீதி எப்படி 1 வரும், பூஜ்யத்துக்குக் கீழதானே போகணும். சரியான விடை மைனஸ் 1/12. அந்த ஒரு வரியப் பாத்ததும் என் திட்டத்தையே மாத்துனேன், அல்ஜீப்ராவ மூடி வெச்சுட்டு ஆறாம் கிளாஸ் கணக்குல இருந்து தொடங்குனேன். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லைங்க, எங்க விட்டுப்போச்சோ அங்க போய்த்தான் எடுக்கணும்.

வாய்ப்பாடு ஒரு வாரத்துல திரும்ப வந்துருச்சு, 7 எட்டு 56, 12 எட்டு 96 எல்லாம் யோசிக்காம வரணும், ஏன்னா அதுக்கு நிறுத்தி யோசிச்சா பெரிய கணக்குல எங்க இருந்தோம்னே மறந்துடுது. கால்குலேட்டரத் தொடவே இல்ல.

பின்னத்துக்கு மட்டும் மூணு வாரம் எடுத்துக்கிட்டேன். கூட்டும்போது பகுதி, அதாவது பின்னத்துல கீழ இருக்கிற எண், ஏன் ஒண்ணா இருக்கணும்னு ஸ்கூல்ல மனப்பாடமாத்தான் தெரியும், இப்பதான் புரிஞ்சுது. பகுதிங்கறது துண்டோட அளவு, நாலுல ஒரு துண்டும் ஆறுல ஒரு துண்டும் வேற வேற சைஸ், ரெண்டையும் பன்னிரண்டுல ஒரு துண்டா வெட்டிட்டாதான் எண்ண முடியும், 9 துண்டுல இருந்து 10 துண்டு போனா மைனஸ் 1 துண்டு, அவ்வளவுதான். வகுக்கும்போது தலைகீழாத் திருப்பிப் பெருக்குறதும் அப்படித்தான். 3-ஐ அரையால வகுன்னா 3-க்குள்ள எத்தனை அரை இருக்குன்னு கேள்வி, 6 இருக்கு. 3/4-க்குள்ள எத்தனை 1/8 இருக்கு? அதுவும் 6. இந்தக் கேள்வியா மாத்திக்கிட்ட பிறகு விதி மறந்துபோனாலும் விடைக்கு வழி தெரிஞ்சுது.

அடுத்தது மைனஸ். என் நோட்ல அதிகமா இருந்த தப்பு இதுதான்: 5 - 2(எக்ஸ் - 3). நான் எப்பவும் 5 - 2எக்ஸ் - 6-ன்னு விரிச்சிருக்கேன். மைனஸ் 2 உள்ள இருக்கிற மைனஸ் 3-ஐயும் பெருக்கணும், அது பிளஸ் 6 ஆகும், மொத்தம் 11 - 2எக்ஸ். மைனஸும் மைனஸும் சேந்தா ஏன் பிளஸ்னு கேட்டுக் கேட்டுப் படிச்சப்போ பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரப் பத்தி வந்துச்சு, கி.பி. 628-லயே அவர் நெகட்டிவ் எண்ணைக் கடன்னும் பாசிட்டிவ் எண்ணைச் சொத்துன்னும் வெச்சு விதி எழுதியிருக்கார். கடனக் கழிச்சா சொத்து கூடுது. எனக்கு அது ரொம்ப உதவுச்சு, மூணு ரூபா கடன ரெண்டு தடவ தள்ளுபடி பண்ணா கையில ஆறு ரூபா கூடுன மாதிரிதான். இதோட சேந்த இன்னொண்ணு, பிராக்கெட் இல்லாத -3² மைனஸ் 9, பிராக்கெட் போட்ட (-3)² பிளஸ் 9. டெஸ்ட்ல இதக் கண்டிப்பா எங்கயாவது ஒளிச்சு வெப்பாங்க.

சமக் குறியப் பத்தியும் சொல்லணும். 3 + 4 = 7 × 2 = 14-ன்னு எழுதுற பழக்கம் எனக்கு இருந்துச்சு, சமக் குறின்னா "இதோ விடை வருது"ன்னு மனசுல பதிஞ்சுபோயிருக்கு. 3 + 4 எப்படி 14-க்குச் சமமாகும்? அந்தக் குறிய 1557-ல அறிமுகப்படுத்துன ராபர்ட் ரெக்கார்ட் ரெண்டு இணைகோட்டத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே அதைவிடச் சமமா ரெண்டு பொருள் இருக்க முடியாதுன்னுதான். தராசு மாதிரி, ஒரு தட்டுல என்ன பண்ணாலும் அடுத்த தட்டுலயும் அதையே பண்ணணும். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்"னு சொல்றத அதுக்கப்புறம் நான் விட்டுட்டேன், ரெண்டு பக்கமும் 5 கூட்டுறேன்னு முழு வரியா எழுத ஆரம்பிச்சேன், மெதுவாத்தான் போகும் ஆனா தப்பு பாதியாக் குறைஞ்சுது.

மேலயும் கீழயும் அடிச்சு விடுறது இன்னொரு ஆபத்து. (எக்ஸ் + 6)/6-ல ரெண்டு 6-ஐயும் அடிச்சுட்டு எக்ஸ்னு எழுதியிருக்கேன். சந்தேகம் வந்தா எக்ஸுக்கு ஒரு எண் போட்டுப் பாக்கணும், 6 போட்டா 12/6, அதாவது 2. என் விடைப்படி 6. ரெண்டும் ஒத்துவரல, அப்போ அடிச்சது தப்பு. பெருக்கல்ல இருக்கிறதத்தான் அடிக்கலாம், கூட்டல்ல தொங்கிக்கிட்டு இருக்கிறத அடிக்கக் கூடாது. இந்த எண் போட்டுப் பாக்குற பழக்கம் ஒண்ணுக்காகவே நான் பட்ட பாடெல்லாம் தகும்னு சொல்வேன், யார்கிட்டயும் கேக்காம என் விடைய நானே சரிபாக்க முடிஞ்சுது.

தினம் காலைல 40 நிமிஷம், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் உக்காந்து பாத்தேன், புதன்கிழமைக்குள்ள மறந்துபோச்சு. தப்புக்குன்னு ஒரு தனி நோட்டு வெச்சேன், கேள்வி, நான் எழுதுன தப்பான வரி, ஏன் தப்புன்னு என் வார்த்தைல ஒரு வாக்கியம். "கவனக்குறைவு"ன்னு எழுதக் கூடாதுன்னு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கிட்டேன், அந்த வார்த்தை எதையும் சொல்லித் தராது. மூணு நாள் கழிச்சு அதே கணக்க விடை பாக்காம போடுவேன், அப்புறம் ஒரு வாரம் கழிச்சு. ரெண்டாவது மாசத்துல இருந்து பின்னம், சதவீதம், சமன்பாடு எல்லாத்தையும் கலந்து போட்டேன், ஏன்னா ஒரே மாதிரிக் கணக்கு இருபது போடும்போது எந்த முறைன்னு தேர்ந்தெடுக்கிற வேலையே இல்ல, டெஸ்ட்ல அதுதான் முக்கால்வாசி வேலை. கலந்து போட்ட முதல் வாரம் மார்க் இறங்குச்சு, மனசு கஷ்டமா இருந்துச்சு, ஆனா விடல.

வாக்கியக் கணக்குக்கு நான் பெருசா ஒண்ணும் பண்ணல, எக்ஸ்னா என்னன்னு முதல் வரில எழுதிட்டா பாதி முடிஞ்சுது. சதவீதத்துல மட்டும் ஒரு கவனம், 100-ஐ 20 சதவீதம் ஏத்தி மறுபடி 20 சதவீதம் இறக்குனா 100 வராது, 96 தான், ரெண்டாவது 20 சதவீதம் 120-க்கு எடுக்கிறது.

டெஸ்ட்ல தேவையான மார்க்குக்கு மேலயே வந்துச்சு, நேரா முதல் செமஸ்டர் பேப்பருக்கே போயிட்டேன். மார்க்க விட எனக்கு ஞாபகம் இருக்கிறது அதுல வந்த ஒரு கணக்குதான்: (2/3)எக்ஸ் - 1/4 = (5/6)எக்ஸ் + 1/2. மூணு மாசத்துக்கு முன்னாடி இதப் பாத்தா அடுத்த கேள்விக்குத் தாண்டியிருப்பேன். ரெண்டு பக்கமும் 12-ஆல பெருக்குனேன், 8எக்ஸ் - 3 = 10எக்ஸ் + 6, எக்ஸ் மைனஸ் 9/2. நேரம் இருந்துச்சு, திரும்பப் போட்டுப் பாத்தேன். இடது பக்கம் மைனஸ் 13/4, வலது பக்கமும் மைனஸ் 13/4.