ஆறு மாதம் ஊரில் இல்லையா? காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீர்கள்

சென்னையில் எந்த அப்பார்ட்மெண்டுக்குப் போனாலும் கீழே தூசி படிந்த கார் ஒன்றிரண்டு நிற்கிறது. சொந்தக்காரர் மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ அமெரிக்கா போயிருப்பார், விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை இருக்க விடுகிறார்கள் என்பதால் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு நிதானமாகத்தான் திரும்புவார். கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டிலோ வாட்ச்மேனிடமோ கொடுத்து, "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க, போதும்" என்று சொல்லியிருப்பார். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் சும்மா நிற்பதைவிட இந்த ஐந்து நிமிஷம்தான் காரை அதிகம் கெடுக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஓடி நன்றாகச் சூடான வண்டியில் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் நன்றாகச் சூடாகாது. அதனால் அந்த ஈரம் சைலன்ஸருக்குள் தங்கித் துருப்பிடிக்க வைக்கும், கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். பேட்டரிக்கும் லாபமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்த கரண்டையும் அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் கசிந்ததையும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், வண்டி நின்றபடி ஐடிலிங்கில் ஓடும்போது, அந்தக் கொஞ்ச நேரத்தில் திருப்பித் தராது. டீசல் வண்டி, அதுவும் பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது என்றால் இன்னும் மோசம், புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று அதில் இருக்கிறது, நல்ல வேகத்தில் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகும், நின்ற இடத்தில் உறுமவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

ஆக வழி இரண்டுதான். நம்பிக்கையான, லைசென்ஸ் உள்ள ஆள் இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், ஏசியும் போட்டு. அப்படி ஆள் இல்லையா, யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு முறையாகத் தூங்க வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் வேண்டாம்.

தூங்க வைப்பதில் முதல் வேலை பேட்டரி. பூட்டி நிற்கும் காரிலும் அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 21 ஆம்பியர்-அவர் ஆகிறது, நம் சின்னக் கார்களில் இருக்கும் பேட்டரியே 35 தான். இரண்டாவது மாதத்திலேயே செத்துவிடும், அப்படிக் காலியாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போய்ப் பிறகு சார்ஜ் போட்டாலும் முழுசாக ஏறாது. அதனால் முழு சார்ஜில் இருக்கும்போதே, 10-ஆம் நம்பர் ஸ்பேனர் எடுத்து மைனஸ் டெர்மினலைக் கழற்றி, ஒரு துணியைச் சுற்றித் தள்ளி வைத்துவிடுங்கள். கழற்றினாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், நம் வெயிலில் கூடுதலாகவே இறங்கும். ஆனாலும் நல்ல பேட்டரி ஆறு மாதம் தாங்கும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று: பேட்டரியைக் கழற்றினால் ரிமோட் வேலை செய்யாது. பானெட் திறக்கும் லீவரோ டிரைவர் சீட் பக்கம் உள்ளே இருக்கிறது. அதாவது திரும்பி வந்ததும் டிரைவர் கதவைச் சாவியால்தான் திறந்தாக வேண்டும். வருஷக்கணக்கில் ரிமோட்டிலேயே பூட்டித் திறந்த காரில் அந்தச் சாவித்துளை இறுகிப் போயிருக்கலாம், கிளம்புவதற்கு முன்பே சாவியைப் போட்டுத் திருகிப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சாவி ஒளிந்திருக்கும், அதை எப்படி உருவுவது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மற்ற கதவுகளையும் டிக்கியையும் கரண்ட் இருக்கும்போதே பூட்டிவிட வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். பெரும்பாலான நம் ஊர்க் கார்களுக்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக், மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டு நின்றால், அதுவும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். டயரில் காற்று வழக்கத்தைவிட 4, 5 பிஎஸ்ஐ கூட இருக்கட்டும் (டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டாமல்), இல்லையென்றால் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தாங்கி அந்த இடம் தட்டையாகிவிடும்.

டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. ஆயில் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் போகும் முன்பே மாற்றிவிடுவது நல்லது, ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும்.

அப்புறம் எலி. இதற்கு நிச்சயமான மருந்து என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. சிலர் பானெட்டுக்குள் புகையிலை வைக்கிறார்கள், சிலர் பாச்சா உருண்டை. இரண்டும் வாசனை போகும்வரைதான். முறுக்குத் துணுக்கு, பிஸ்கட் தூள்கூட இல்லாமல் உள்ளே சுத்தமாகத் துடைப்பதும், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதும்தான் உருப்படியான வேலை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ண ஒத்துக்கொண்ட அதே எதிர்வீட்டுக்காரரிடம் அதற்குப் பதிலாகப் பானெட்டைத் திறந்து கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே கவர் போடுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துகிறோம் என்பது இதையெல்லாம்விட முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று பார்த்தோம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் பேஸ்மெண்டில் விடாதீர்கள், மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் கேட்டு நிறுத்துங்கள், கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம். தண்ணீர் ஏறினால் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று சொல்லி வையுங்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு திருப்பில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடாத வண்டிக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்று விட்டுவிடவும் கூடாது. முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும், இடையில் வெள்ளமோ திருட்டோ வந்தால் ஒன்றும் கிடைக்காது.

திரும்பி வந்ததும் சாவியைத் திருகுவதற்கு முன் பானெட்டைத் திறந்து வயரையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள், ஆயில், கூலன்ட் அளவு பார்த்து, டயரில் காற்றைச் சரிசெய்து, டெர்மினலை மாட்டுங்கள். கிளம்பியதும் பிரேக் பிடித்தால் கரகரவென்று சத்தம் வரும், டிஸ்க்கில் படிந்த மேல்துரு அது, மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் போன பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள்.