76.25 புள்ளிகளோடு மருத்துவப் படிப்புக்கு

முழு அளவில் படிக்கும் எச்2 பாடங்களில் வேதியியல் பி, உயிரியல் பி, கணிதம் சி. பாதி அளவில் படிக்கும் எச்1 பாடமான பொருளியல் பி. ஆங்கில வாசிப்பும் கட்டுரையும் கொண்ட ஜெனரல் பேப்பரில் சி, ப்ராஜெக்ட் ஒர்க்கில் ஏ. இதுதான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் ஏ லெவல் தேர்வில் என் முடிவு. அன்றைய பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கில் 90 புள்ளிகளுக்கு 76.25. பல படிப்புகளுக்கு இது போதும். நான் ஆசைப்பட்டதோ மருத்துவம். தேர்வானவர்களின் மதிப்பெண் விவரத்தை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ் ஆண்டுதோறும் வெளியிடும். அதில் மருத்துவத்துக்குக் கீழ் எல்லையாகக் காட்டுவதே எச்2 பாடம் மூன்றிலும் ஏ, எச்1-லும் ஏ. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியுவின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி அப்போது பிமேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் கேட்டது. அதிலும் என் மதிப்பெண் சுமார்தான். நேர்முகம் வரை எந்த விண்ணப்பமும் போகவில்லை.

வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் மாமா வந்தார். "இந்தியாவுல சீட் வாங்கிடலாம்மா, எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் இருக்கார். அஞ்சரை வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றார். பாசத்தோடுதான் சொன்னார். பணத்தில் பாதியைத் தானே தருவதாகவும் சொன்னார். ஏஜென்ட்டும் தொலைபேசியில் நன்றாகத்தான் பேசினார். "படிச்சு முடிச்சதும் சிங்கப்பூர்ல ஒரு பரீட்சை எழுதிட்டு வேலை பார்க்கலாம்" என்று உறுதி கொடுத்தார்.

அப்படி ஒரு வழி கிடையாது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர் அந்த அடிப்படைப் பட்டத்தை மட்டும் வைத்து இங்கே மருத்துவராகப் பதிய வேண்டுமென்றால், அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவப் பதிவுச் சட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்று அதில் 160 பள்ளிகள் இருந்தன. 2020 ஜனவரி 1 முதல் 103 ஆகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே சேர்ந்துவிட்டவர்களை அந்த மாற்றம் பாதிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் 112 ஆனது. மாமா சொன்ன கல்லூரி 160 இருந்த காலத்துப் பட்டியலிலேயே இல்லை. இதை அவரிடம் காட்டியபோது சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப வேணாம்" என்றார். இந்த விஷயம் நம் குடும்பங்களில் இன்னும் பரவலாகத் தெரியவில்லை. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, நான்காம் ஆண்டில்தான் பட்டியலைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பதறுகிறது.

ஏ லெவலைத் தனியாக மறுபடி எழுதலாமா என்றும் யோசித்தேன். ஒரு வருடம் போய், பி எல்லாம் ஏ ஆனாலும், அதே வரிசையில் போய் நிற்க வேண்டும். ஒரு தாளில் அட்டவணை போட்டேன். எந்த மதிப்பெண் இனி மாறாது, எது இன்னும் என் கையில் இருக்கிறது என்று பிரித்தேன். மாறாததில் ஏ லெவல். மாறக்கூடியதில் இனி நான் எடுக்கப்போகும் பட்டத்தின் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ, அதன் பின் எழுதக்கூடிய எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு. இந்த இரண்டையும் பார்க்கும் மருத்துவப் பள்ளி சிங்கப்பூரில் ஒன்று உண்டு. ஊட்ரம் வட்டாரத்தில், பொது மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும் டியூக்-என்யுஎஸ். 2007-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. ஏற்கெனவே ஒரு பட்டம் வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும் சரி. நான்கு ஆண்டுப் படிப்பு, முடிவில் எம்டி என்ற அடிப்படை மருத்துவப் பட்டம்.

என்யுஎஸ்-இல் உயிர் அறிவியல் சேர்ந்தேன். மாலைகளில் டியூஷன் சொல்லிக்கொடுத்ததில் செலவுக்குக் காசு வந்தது, ஆனால் முதலாண்டு ஜிபிஏ 5-க்கு 3.4-ல் நின்றது. சில பாடங்களுக்கு எஸ்/யு போட்டு, அவற்றின் கிரேடு கணக்கில் சேராமல் விட முடிந்தது. இல்லையென்றால் இன்னும் இறங்கியிருக்கும். இரண்டாம் ஆண்டு முதல் டியூஷனைச் சனிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கும்போது 4.1. ஏறுமுகமாக இருந்தது எனக்குக் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன்.

எம்கேட்தான் உண்மையான மலை. 230 கேள்விகள், நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண், மொத்தம் 472 முதல் 528. இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம். எனக்கு வந்தது 501. அறிவியல் பகுதிகளில் 126, 126, 127. கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பகுதியில் 122. ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிடம். தத்துவம், கலை, வரலாறு என்று எதுவும் வரும். வெளியறிவு எதுவும் தேவையில்லை. எழுதியவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும்தான் கேள்வி. ஜெனரல் பேப்பரில் சி வாங்கியதன் தொடர்ச்சிதான் இது என்று புரிந்தது. இந்த மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கவில்லை.

தவறான விடைகளுக்கு ஒரு நோட்டுப் போட்டேன். சரியான விடை ஏன் சரி என்று எழுதவில்லை. தவறான விடை எனக்கு ஏன் சரியாகத் தோன்றியது என்று மட்டும் எழுதினேன். சில வாரங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தது: உலகத்தில் எது உண்மை என்று எனக்குத் தெரியுமோ, அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

இதைச் சரிசெய்ததில் அப்பாவுக்குப் பெரிய பங்கு. அவர் பேருந்து ஓட்டுநர். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து தமிழ் முரசு படிப்பார். ஒரு கட்டுரையை இருவரும் தனித்தனியாகப் படித்துவிட்டு, எழுதியவரின் வாதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். "அவர் அப்படிச் சொல்லலையேம்மா, நீயா சேர்க்கிற" என்பார் அப்பா. பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். தமிழில் வந்த அந்தப் பழக்கம் ஆங்கிலப் பத்திகளுக்கும் அப்படியே போனது. அடுத்து எழுதியபோது கார்ஸ் 126, மொத்தம் 511. வாழ்நாளில் ஏழு முறைதான் எம்கேட் எழுதலாம், ஓர் ஆண்டில் மூன்று. காரணம் தெரியாமல் உடனே மறுபடி எழுதும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்தக் காலத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நீரிழிவு ஆய்வு ஒன்றின் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். விண்ணப்பத்தில் அழகாகத் தெரியும் என்று சேர்ந்த வேலைதான், ஆனால் அதில்தான் என் காரணம் எனக்கே தெளிவானது. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்டில் இருந்த செக்யூரிட்டி அங்கிள் ஒருவர் இன்சுலினைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் சொல்லத் தயங்கினார். என்னிடம் தமிழில் சொன்னார். நான் குறித்துக்கொள்ளலாம், டாக்டரிடம் தெரிவிக்கலாம். அவருடைய வேலை நேரத்துக்கு ஏற்ப மருந்தை மாற்ற என்னால் முடியாது. நேர்முகத்தில், "ஆராய்ச்சி நன்றாகத்தானே போகிறது, ஏன் மருத்துவம்?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

விண்ணப்பக் கட்டுரையில் முதலாண்டு மதிப்பெண்ணைப் பற்றி இரண்டே வரி எழுதினேன்: என்ன நடந்தது, எதை மாற்றினேன். அதற்கு மேல் போனால் விண்ணப்பம் முழுக்க அதைப் பற்றியதாகிவிடும். பரிந்துரைக் கடிதத்தை எங்கள் ஆய்வுத் தலைவரிடம் கேட்டேன். பெரிய பதவியில் இருந்த வேறொருவரை விட, தினமும் என் வேலையைப் பார்த்தவர் எழுதியதே நல்லது என்று பட்டது.

இடம் கிடைத்தது. இப்போது மூன்றாம் ஆண்டு. இங்கே அது ஆராய்ச்சிக்கான ஆண்டு. கல்விக் கட்டணத்தில் அரசு மானியம் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள் அதற்கு ஈடாக நான்கு ஆண்டு பொதுத்துறையில் பணியாற்ற வேண்டும். அம்மாவுக்குக் கட்டணத்தை விட என் வயதைப் பற்றித்தான் கவலை.

இன்று ஜேசியில், அதாவது ஏ லெவலுக்குப் படிக்கும் ஜூனியர் காலேஜில், இருப்பவர்களுக்கு ஒன்று. பிமேட் இப்போது இல்லை. என்யுஎஸ், என்டியு இரண்டும் யூகேட் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கின்றன. அது ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும், ஆண்டுக்கு ஒரு முறைதான் எழுத முடியும். ஏ லெவல் முடிவு வருவதற்குப் பல மாதம் முன்பே அது முடிந்துவிடும். முடிவைப் பார்த்துவிட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தால் அந்த ஆண்டு போய்விடும். புள்ளிக் கணக்கும் 2026 சேர்க்கையிலிருந்து 90-க்கு அல்ல, 70-க்கு. அதனால் என் 76.25-ஐ உங்கள் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.