பிள்ளைக்கு மாண்டூ டெஸ்ட்: எந்த நாளில் போடுவது, எப்படி அளப்பது

வீட்டில் ஒருவருக்குச் சளியில் டிபி கிருமி இருப்பது தெரிந்துவிட்டால், கூட இருக்கும் எல்லோரையும் பரிசோதித்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது மாண்டூ டெஸ்ட்: உடம்பில் டிபி கிருமி புகுந்திருக்கிறதா என்று தெரிய, கையின் தோலில் ஊசி போட்டு அந்த இடம் தடிக்கிறதா என்று பார்ப்பது. சீட்டை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் அந்தக் கையைக் காட்டி அளக்க வேண்டும். அதனால் திங்கள், செவ்வாய், புதன்தான் தோது. வியாழக்கிழமை போட்டால் சனிக்கிழமை லேபில் ரீடிங் எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் போட்டுவிட்டுத் திங்கள் மாலை போனால் நேரம் தாண்டியிருக்கும். அப்போது தடிப்பு இல்லையென்றால் அதை நம்ப முடியாது, மறுபடி ஊசிதான்.

வெறும் வயிறு, பத்தியம் எதுவும் வேண்டாம். ஆனால் சில விஷயங்களை நர்ஸ் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்: போன ஒரு மாதத்துக்குள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) அல்லது சின்னம்மைத் தடுப்பூசி போட்டது, அண்மையில் தட்டம்மை வந்தது, ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுவது. இவை உடம்பின் எதிர்ப்பைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும். உள்ளே கிருமி இருந்தாலும் கை தடிக்காமல் போகலாம். முன்பு இதே டெஸ்டில் கொப்புளமோ புண்ணோ வந்திருந்தால் திரும்பப் போடக் கூடாது.

மருந்தின் அளவு 0.1 மி.லி. மட்டும். முன்கையின் உள்பக்கத்தில், மெல்லிய ஊசியைத் தோலோடு ஒட்டினாற்போல் சாய்த்து, முனையின் திறப்பு மேலே பார்க்கும்படி செலுத்துவார்கள். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் 6 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு வெளுத்த குமிழ் ஒன்று எழும். பிறகு தானாக அமுங்கிவிடும். இந்தக் குமிழைக் கண்ணால் பாருங்கள். எழும்பவே இல்லையென்றால் மருந்து தோலைத் தாண்டி ஆழமாகப் போயிருக்கிறது, அல்லது வெளியே கசிந்திருக்கிறது. அங்கேயே சொன்னால் 5 செ.மீ.யாவது தள்ளி உடனே இன்னொன்று போட்டுவிடலாம். இரண்டு நாள் வீணாகாது. போட்ட இடத்தைத் தேய்க்கவோ பஞ்சு வைத்து அழுத்தவோ வேண்டாம், பிளாஸ்திரி ஒட்ட வேண்டாம். ஒரு துளி ரத்தம் வந்தால் பயமில்லை. குளிக்கலாம், விளையாடலாம். அரித்தால் ஈரத்துணி வையுங்கள், சொறிய விடாதீர்கள்.

அதிகம் தவறு நடப்பது அளக்கும்போதுதான். சிவப்பை அளக்கவே கூடாது. விரலால் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும் தடிப்பு மட்டுமே கணக்கு. பால்பாயிண்ட் பேனாவைக் கையின் குறுக்கே, வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுத்துவந்தால் தடிப்பின் ஓரத்தில் பேனா தடைபட்டு நிற்கும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் எத்தனை மி.மீ. என்பதுதான் ரீடிங். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெரிவது சிவப்பு மட்டும்; தடிப்பைத் தொட்டால்தான் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். ரிப்போர்ட்டில் வெறுமனே 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று இருந்தால் மி.மீ. கணக்கையும், போட்ட மருந்து எத்தனை டியூ (அதன் வீரியத்தைக் காட்டும் அலகு) என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தடிப்பே இல்லையென்றாலும் 0 மி.மீ. என்று எழுத வேண்டும். நம் நாட்டில் பரிந்துரைக்கப்படுவது ஆர்.டி.23 என்ற மருந்து, 2 டியூ அளவில். 10 டியூ போட்டுவிட்டு 2 டியூவுக்கான எல்லைக்கோட்டை வைத்துப் பார்த்தால் முடிவு தவறாகும்.

பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மி.மீ. போதும். 'பி.சி.ஜி. (டிபி தடுப்பூசி) போட்டதால்தான் வீங்கியிருக்கு' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யின் தாக்கம் இந்த டெஸ்டில் வருஷம் போகப் போகக் குறைந்துவிடும். அதோடு, 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. வீட்டில் நோயாளி இருக்கும்போது பி.சி.ஜி. தழும்பை நம்பி ரிப்போர்ட்டை ஓரம் கட்டுவது ஆபத்து. பி.சி.ஜி.யால் குழம்பாத சைடிபி என்ற புதிய தோல் ஊசியும் இப்போது இருக்கிறது. அதற்கு எல்லை 5 மி.மீ.

பாசிட்டிவ் என்றால் உடம்பில் கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள். நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. எக்ஸ்ரே எடுத்து, சளி இருந்தால் அதையும் பார்த்து, நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவார்கள்: ஐசோனியசிட் 6 மாதம் தினமும், அல்லது ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின் மருந்தும் சேர்த்து வாரம் ஒருமுறையாக 12 வேளை. 5 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் இந்த டெஸ்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நோய் இல்லையென்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம்.

நெகட்டிவ் வந்தாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கிருமி புகுந்து கை தடிக்கத் தொடங்க 8 முதல் 10 வாரம் வரை ஆகலாம். ஆகவே நோயாளியோடு கடைசியாக நெருங்கி இருந்த நாளிலிருந்து அந்தக் காலம் கழித்து மறுபடி போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒருமுறை பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மருந்து முடிந்த பிறகும் கை தடிக்கும், எனவே குணமானதைப் பார்க்க இந்த டெஸ்ட் உதவாது. பழைய ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.