நான்காவது கட்டம்

2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஒரு நிறுவனத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அந்நாட்டுப் பார்வையாளர்கள் எழுதுவதை வாசித்து, ஒவ்வொன்றும் ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று குறியிடும் வேலையில் இருந்தேன். அலுவலகத்தில் அதற்கு டேகிங் என்று பெயர். தொலைக்காட்சி பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று என் அம்மா உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்; உண்மையில் நாங்கள் எதையும் பார்ப்பதில்லை, பார்த்தவர்களின் மனக்குறையை மட்டும் மணிக்கு இத்தனை என்ற கணக்கில் வாசித்தோம் என்பதை அவருக்கு என்னால் கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை.

அந்தப் பருவத்தில் எங்கள் குழுவுக்கு வந்த தொடர்களில் ஒன்று 'ஹீரோஸ் ரீபார்ன்'. என்.பி.சி. தொலைக்காட்சி அதை வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்பியது. நியூயார்க்கில் எட்டு என்றால் நமக்கு வெள்ளி விடியற்காலை ஐந்தரை. எனவே வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மூன்றரை மணிக்கே மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக்கு நிறுவனத்தின் வண்டி வந்துவிடும். முதல் அலை கிழக்குக் கரையிலிருந்து வரும். மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரையில் அதே அத்தியாயம் ஓடும்போது இரண்டாவது அலை வரும். நவம்பர் முதல் தேதி கோடைகால நேரம் முடிந்து அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார்கள் என்பதை, அதன் பிறகு எங்கள் வண்டி நான்கரைக்கு வரத் தொடங்கியதை வைத்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேர உறக்கத்திற்காக அந்த நாட்டின் கடிகாரச் சட்டத்துக்கு மனதார நன்றி சொன்னவர்கள் எங்கள் குழுவில் பலர்.

இந்தத் தொடர் என்னிடம் ஒதுக்கப்பட்டபோது நான் மகிழ்ந்ததற்குத் தனிக் காரணம் இருந்தது. இதன் மூலத் தொடரான, டிம் கிரிங் உருவாக்கிய பழைய 'ஹீரோஸ்' 2006 செப்டம்பர் 25 அன்று தொடங்கியது. முதல் பருவத்தின் 23 அத்தியாயங்களையும் நான் கல்லூரி விடுதியில், அறைக்கு அறை கைமாறிக்கொண்டிருந்த ஒரு ஹார்டு டிஸ்கிலிருந்து, தேர்வுக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் பார்த்தேன். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் சாதாரண மனிதர்களுக்குத் திடீரென ஒவ்வொரு சக்தி வாய்க்கிறது என்பதே கதை. அவர்களில் ஹிரோ நகாமுரா என்பவர் டோக்கியோவில் ஒரு பெரிய அலுவலகத்தின் தடுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர். மேசைக்கு எதிரே இருக்கும் கடிகாரத்தின் நொடிமுள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு உற்றுப்பார்த்தே அவர் பின்னோக்கி நகர்த்துவார். அதைப் பார்த்துச் சிரித்த காலத்தில், எட்டு ஆண்டுகள் கழித்து நானும் அதே மாதிரியான தடுப்பறையில், அதே மாதிரியான கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவரைப் பற்றிய கருத்துகளுக்குக் குறியிடுவேன் என்று நினைத்திருக்கவில்லை.

எங்களுக்கு இன்னொரு சொந்தமும் இருந்தது. அந்தத் தொடரின் மரபணு விஞ்ஞானி சென்னையிலிருந்து அமெரிக்கா செல்பவர். பெயர் மொஹிந்தர் சுரேஷ். தந்தையார் சந்திரா சுரேஷ். சென்னைக்காரர் ஒருவருக்கு மொஹிந்தர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதும், நம் ஊரில் தந்தையின் பெயரே முதலெழுத்தாக வரும் நிலையில் தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாகச் சுரேஷ் எப்படிக் குடும்பப் பெயரானார் என்பதும் விடுதியிலும் பின்னர் அலுவலகத் தேநீர் இடைவேளையிலும் தீராத ஆராய்ச்சிகளாக இருந்தன. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. நடிகரின் சொந்தப் பெயரையே பாத்திரத்துக்கு வைத்திருந்தால் சிக்கலே வந்திருக்காது.

பழைய தொடர் நான்கு பருவங்கள் ஓடி 2010 பிப்ரவரி 8-இல் நின்றது. முதல் அத்தியாயத்தை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் பார்த்த தொடர் அது. இரண்டாம் பருவத்திலேயே தளர்ந்துவிட்டது. அந்தப் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2007 நவம்பரில், டிம் கிரிங் ஒரு வார இதழுக்கு அளித்த பேட்டியில் தம் தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: கதை மெதுவாக நகர்ந்தது, ஹிரோவைப் பழைய ஜப்பானில் நெடுநாள் நிறுத்திவிட்டோம், புதியவர்களை மையக் கதையோடு இணைத்து அறிமுகப்படுத்தாமல் தனித்தனியாகக் கொண்டுவந்துவிட்டோம் என்பது அதன் சாரம். அதே மாதத்தில் தொடங்கிய அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் அந்தப் பருவம் 11 அத்தியாயங்களோடு முடிக்கப்பட்டது. ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தன் பார்வையாளர்களிடம் இப்படிப் பேசிய ஒருவர், எட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார் என்றால், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார் என்று பார்வையாளர்கள் நம்பியதில் பிழையில்லை. நானும் நம்பினேன்.

பழைய தொடரின் கடைசிக் காட்சியில், எந்தக் காயமும் தானே ஆறிவிடும் கிளேர் என்ற பெண், செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராட்டினத்தின் உச்சியிலிருந்து குதித்து எழுந்து நிற்பாள். இதுவரை மறைந்து வாழ்ந்தவர்களை உலகம் அறிந்துகொண்டுவிட்டது. இனி என்ன என்ற கேள்வியோடு திரை இருண்டது. அந்தக் கேள்விக்கான விடைக்காகவே மக்கள் ஐந்தரை ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2015 செப்டம்பர் 24 அன்று விடை வந்தது: டெக்ஸாசின் ஒடெசா நகரில் சக்தியுள்ளவர்களும் மற்றவர்களும் கூடிய மாநாட்டில் பெரும் வெடிப்பு நிகழ்கிறது, பழி மொஹிந்தர்மீது விழுகிறது, சக்தியுள்ளவர்கள் வேட்டையாடப்படுகிறார்கள், கிளேர் இறந்துவிட்டாள். கிளேராக நடித்த ஹேடன் பனெட்டியர் அப்போது வேறொரு தொடரில் நடித்துக்கொண்டிருந்தார், திரும்பி வரவில்லை. பழைய தொடரின் வில்லன் சைலராக நடித்த சக்கரி குவிண்டோவும், நாயகர்களில் ஒருவரான பீட்டராக நடித்த மைலோ வென்டிமிலியாவும் வரவில்லை. எந்தக் காயத்தாலும் சாகாதவள் என்று நான்கு பருவங்களாக நாம் பழகிய பெண் பிள்ளைப்பேற்றில், நம் கண்ணுக்கு மறைவாக, இறந்துபோனாள் என்று பிறர் வாயிலாகச் சொன்னார்கள். அதற்குக் கதையில் ஒரு காரணமும் சொல்லப்பட்டது. நடிகை வராததைக் கதையின் காரணமாக மாற்றும்போது தையல் தெரிந்துவிடுகிறது. பார்வையாளர்கள் தையலைப் பார்க்கத் தவறுவதில்லை.

எங்கள் வேலையின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் இரண்டு வாரங்களில் குறியிடுவது எளிதாக இருந்தது. கோபம் தெளிவான மொழியில் வரும். புதிய பாத்திரங்கள் அதிகம், ஒவ்வொருவர் கதையும் தனித்தனியே ஓடுகிறது, வீடியோ கேமுக்குள் நுழைந்து வாள் சுழற்றும் பெண்ணின் கதை ஒட்டவில்லை என்பதெல்லாம் எதிர்ப்புக் கட்டத்தில் விழுந்தன. 2007-இல் உருவாக்கியவரே ஒப்புக்கொண்ட குறை 2015-இல் அப்படியே திரும்பி வந்திருந்ததை, அந்தப் பேட்டியைப் படித்திராதவர்களும் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். (ஒவ்வொரு பருவத்துக்கும் நடிகர்களை மாற்றிவிட வேண்டும் என்பதே கிரிங்கின் ஆரம்பத் திட்டம் என்பார்கள், முதல் பருவத்து முகங்களை மக்கள் விரும்பிவிட்டதால் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நிறைவேறிய வேளையில், மக்கள் அந்த முகங்களைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.)

அக்டோபர் 22 அத்தியாயத்தில் ஹிரோ திரும்பி வந்தார். மறுநாள் காலை எங்கள் கோப்பு வழக்கத்தைவிடப் பெருத்திருந்தது. அதில் பெரும்பாலானவை பாராட்டுச் சொற்கள். ஹிரோ கைகளை உயர்த்திக் கூவும் பழைய காட்சி, நண்பன் ஆண்டோவோடு அமெரிக்கா வந்து திகைத்து நின்ற காட்சி, தன் கல்லூரிக் காலத்தில் திங்கள்கிழமைகளில் அறைத் தோழர்களோடு பார்த்தது, இப்போது அந்தத் தோழர்கள் எங்கெங்கோ இருப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அற்புதம், மறக்க முடியாதது, என் வாழ்வின் சிறந்த தொடர் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. நான் ஒன்றன்பின் ஒன்றாக ஆதரவு, ஆதரவு, ஆதரவு என்று தட்டிக்கொண்டே போனேன். அன்று என் வேகம் குழுவிலேயே அதிகம். வார அறிக்கையில் ஆதரவின் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. குழுத் தலைவி அதை எல்லோருக்கும் காட்டினார்.

தவறை முதலில் கண்டவர் தரச் சோதனைப் பிரிவில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர். நான் குறியிட்டவற்றில் முப்பதை எடுத்துப் படித்துவிட்டு என் இருக்கைக்கு வந்து, "இதுல ஒருத்தராவது நேத்து ராத்திரி பாத்தத நல்லாருக்குன்னு சொல்லுதாங்களா, பாருங்கம்மா" என்றார். மீண்டும் படித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் பாராட்டியது 2006-ஐ. இறந்தவரின் வீட்டில் கூடியவர்கள் அவருடைய நல்ல குணங்களையே பேசுவார்கள். அதை வாசலில் நின்று கேட்கும் ஒருவன் உள்ளே விருந்து நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போவதைப் போன்ற வேலையை நான் செய்திருந்தேன். பழைய தொடரை நானும் விரும்பியவள் என்பதே என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சொற்களை வாசிக்கும்போது எனக்குள்ளும் அதே விடுதி அறை விளக்கெரிந்தது, அந்த வெளிச்சத்தை நான் புதிய தொடரின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்.

முப்பதையும் எதிர்ப்பு என்று மாற்றிவிடலாம் என்பது அவருடைய யோசனை. எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. எதிர்ப்பவர்கள் வேறு மாதிரி எழுதினார்கள்: இனிப் பார்க்க மாட்டேன் என்பார்கள், அடுத்த வாரம் அவர்களை எங்கள் கோப்பில் காண முடியாது. இவர்களோ ஒவ்வொரு வாரமும் வந்தார்கள். குறை சொல்லிவிட்டு அடுத்த வியாழனும் பார்த்தார்கள்; ஹிரோவும், கிளேரின் தந்தை நோவா பென்னட்டும் ஒன்றாகக் காலத்தில் பின்னோக்கிச் சென்ற இரு அத்தியாயங்களில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்; மீண்டும் தளர்ந்தார்கள். வெறுப்பு என்பது கணக்கை முடித்துவிடுகிறது. ஏமாற்றத்தில் கணக்கு திறந்தே கிடக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், அறிக்கையைப் பெறுகிறவருக்கு விலகிப்போனவர் யார், இன்னும் வாசலில் நிற்பவர் யார் என்பது தெரியாது.

இதைக் குழுத் தலைவியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வாடிக்கையாளர் மூன்று கட்டங்களுக்குத்தான் ஒப்பந்தம் செய்திருக்கிறார் என்றும், நான்காவது கட்டம் சேர்த்தால் பழைய மாதங்களோடு ஒப்பிட முடியாது என்றும் சொன்னார். அது நியாயமான மறுப்பு. ஆனால், கோப்பில் கட்டங்களுக்குக் கடைசியில் குறிப்பு என்று நெடுக்காக ஒரு பத்தி சேர்த்துக்கொள்ள அனுமதித்தார். அதில் நானும் திருநெல்வேலிக்காரரும் பேசிவைத்துக்கொண்டு 'ஏ' என்ற ஓர் எழுத்தை மட்டும் இட்டோம். ஏமாற்றம் என்பதன் முதலெழுத்து. அதை யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. வாரம் செல்லச் செல்ல ஆதரவும் எதிர்ப்பும் குறைந்து அந்தப் பத்தியில் மட்டும் எழுத்து நீண்டுகொண்டே போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

நவம்பர் 19-க்குப் பிறகு தொடருக்கு இடைவெளி. டிசம்பர் முதல் வாரம் சென்னையே வெள்ளத்தில் நின்றதால் அலுவலகமும் சில நாட்கள் இயங்கவில்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். ஜனவரி 7 அன்று தொடர் திரும்பியபோது கோப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. மறு வாரமே, இன்னும் முடிவு அத்தியாயம் ஒளிபரப்பாகாத நிலையில், இத்தொடர் இதற்கு மேல் தொடராது என்று என்.பி.சி. அறிவித்துவிட்டது. தொடக்க இரவில் சுமார் 60 லட்சம் பேர் பார்த்த தொடர் அப்போது அதிலும் வெகுவாகத் தேய்ந்திருந்தது. ஜனவரி 21 அன்று 13-ஆவது அத்தியாயத்தோடு முடிந்தது. முடிவிலும் அடுத்த கதைக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். இனி வரப்போவதில்லை என்று ஊருக்கே தெரிந்த விருந்தாளிக்காகத் திறந்து வைத்த கதவு.

ஜனவரி 22 வெள்ளிக்கிழமை, வழக்கமாக இரண்டு மணி வரை நீளும் கோப்பு பத்தரைக்கே தீர்ந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தைத் திட்டியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பழைய தொடரின் முதல் பருவத்தை மீண்டும் பார்க்கப்போவதாக எழுதியிருந்தார்கள். ஆதரவு என்றும் குறிக்காமல் எதிர்ப்பு என்றும் குறிக்காமல், நடுநிலை என்று இட்டு, குறிப்புப் பத்தியில் 'ஏ' போட்டுக்கொண்டே வந்தேன். வண்டி மூன்று மணிக்குத்தான். திருநெல்வேலிக்காரர் தேநீர் வாங்கி வந்தார்; ஹிரோவின் நொடிமுள் காட்சியை அவர் பார்த்ததில்லை என்றதால், கைப்பேசியில் தேடிக் காட்டினேன்.

திங்கள்கிழமை காலை புதிய கோப்பு வந்திருந்தது. முந்தைய இரவு அமெரிக்காவில் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் தொடங்கியிருந்தது. கோப்பைத் திறந்தேன்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. குறிப்புப் பத்தியைச் சேர்க்கலாமா என்று குழுத் தலைவியிடம் கேட்க எழுந்தேன். அவர் இருக்கையில் இல்லை. எதிர் வரிசையில் திருநெல்வேலிக்காரர் தலையை நீட்டி, முதல் பத்துப் பதிவுகளைப் படித்துப் பாருங்கள் என்பதுபோலத் திரையைக் காட்டினார்.