மார்கழியில் நாயனக்காரர் வீட்டில்

டிசம்பர் வந்தால் பாட்டுப் பிரியர்கள் எல்லாரும் சென்னைக்குக் கிளம்புவார்கள். நான் சென்னையிலிருந்து கிளம்பிவிடுவேன். எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் காவிரிக்கரை வந்துவிடும். குத்தாலம் தாண்டி ஆடுதுறை வருவதற்குள் இருக்கிற ஒரு சின்ன ஊரில் என் நண்பர் வீடு. அவர் நாகஸ்வரம், அவருடைய மைத்துனர் தவில், அவர்களுடைய பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். அந்த வீட்டில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஏன் மார்கழி என்றால், மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. வைகாசியிலோ ஆவணியிலோ போனால் இவர்களைப் பிடிக்கவே முடியாது. காலையில் ஒரு ஊரில் கல்யாணம், சாயங்காலம் வேறு ஊரில் பெண் அழைப்பு, நடுவில் வேனிலேயே தூக்கம். ஆடியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் அம்மன் கோயில் திருவிழாக்கள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆக, வருஷத்தில் இவர்கள் சொந்தத் திண்ணையில் சேர்ந்தாற்போல் உட்காரும் மாதம் மார்கழி. சென்னையில் வித்வான்கள் ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் இங்கே ஒரு மேளக் குடும்பம் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஓய்வில் அவர்கள் வாசிக்கிற வாசிப்பைக் கேட்கத்தான் நான் போகிறேன்.

விடியற்காலை மட்டும் வேலை உண்டு. ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு வாசிக்கும் முறை நண்பருடையது. நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு, காதை மறைத்து மஃப்ளர் கட்டிக்கொண்டு கிளம்புவார். நானும் பின்னாலேயே போவேன். கேட்க அர்ச்சகர், பால்காரர், கோலப்பொடி டப்பாவோடு இரண்டு பெண்கள், நான். பூபாள ராகம் வாசிப்பார், இல்லையென்றால் பௌளி ராகம். மைக் இல்லை, சுருதிப்பெட்டி ஒன்றுதான். அந்தக் காலத்தில் சுருதிக்கு ஒத்து என்ற குழலை ஊத ஒரு ஆள் கூடவே நிற்பாராம், இப்போது பெரும்பாலான இடங்களில் அது பெட்டிக்குப் போய்விட்டது. பௌளியை அந்த இருட்டில் அந்தக் கல்மண்டபத்தில் கேட்டுப் பழகியபிறகு பகல் கச்சேரியில் யார் பாடினாலும் எனக்கு ஏதோ குறைகிறது.

திரும்பி வந்து இட்லி, காபி, அப்புறம் தூக்கம். எல்லாரும் தூங்குவார்கள்.

பத்து மணிக்கு மேல் சீவாளி வேலை ஆரம்பிக்கும். இதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாகஸ்வரம் அவ்வளவு நீளமாக இருந்தாலும் சத்தத்தைப் பிறப்பிப்பது நுனியில் இருக்கிற அந்தச் சின்ன நாணல் துண்டுதான். நாணலை வெட்டி, வேகவைத்துப் பதப்படுத்தி, நாள்கணக்கில் காயவைத்து, தட்டையாக்கி, நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். வாங்கி வந்ததை அப்படியே வாசிக்க முடியாது. நண்பர் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊறவைத்து, ஊதிப் பார்த்து, கொஞ்சம் சீவி, மறுபடி ஊதி, பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடுவார். ஒரு கைப்பிடி சீவாளியில் மூன்று நாலு தேறினால் முகம் மலர்ந்துவிடும். "இது பனிக்கு ஆகும் அண்ணே, வெயில்ல நிக்காது" என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பார். பனிக்காலத்தில் தவில் தோலும் தொய்ந்துபோகும். முன்பு வார் பிடித்து இழுத்துக் கட்டவேண்டும், இப்போது நட்டு போல்ட்டைத் திருகினால் சரியாகிவிடுகிறது என்று மைத்துனர் சொல்லிக்கொண்டே விரல்களுக்குக் கூடு ஒட்டுவார். துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். வலந்தலையில், அதாவது தவிலின் வலது முகத்தில், அந்தக் கூடு விழுகிற சத்தம்தான் தவிலின் உயிர். பையன்கள் பக்கத்தில் பலகையில் குச்சியால் தட்டிக்கொண்டு தாளச் சொற்கட்டு சொல்வார்கள், தப்பினால் உள்ளே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் திருத்தும்.

ஒரு நாள் நரசிங்கம்பேட்டைக்குப் போய்வருவோம். சைக்கிள் தூரம்தான். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள், நாகஸ்வரம் செய்கிற ஆசாரிமார்கள் இருக்கும் ஊர். ஆச்சா என்ற மரத்தில்தான் செய்கிறார்கள். புதுமரம் உதவாது, ஈரம் வற்றிப்போன பழைய மரமாக வேண்டும் என்பதால் இடிக்கிற பழைய வீடுகளின் தூண், உத்தரம் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. யாரோ பரம்பரையாகச் சாய்ந்து உட்கார்ந்த தூண் நாயனமாகிக் கல்யாணத்துக்குப் போகிறது. இன்று நாம் கேட்கும் நீளமான பாரி நாகஸ்வரமும் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியும் நாகஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து பார்த்த வேலையின் பலன். அதற்கு முன் திமிரிதான் வழக்கம், குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். சுருதி இறங்கியதும் ராகத்தை நிதானமாக, கனமாக விரிக்க இடம் கிடைத்தது.

ராஜரத்தினம் பிள்ளை பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டில் சாப்பாடு தள்ளிப்போகும். 1956இல் மறைந்தவர், ஆனால் நேற்று வந்துவிட்டுப் போனவரைப் போலத்தான் பேசுகிறார்கள். நண்பரின் அப்பா சிறுவயதில் அவரை நேரில் கேட்டவர். பல் போனதால் ஊதுவதை விட்டுவிட்டார், இப்போது வாயால் பாடித்தான் மகனைத் திருத்துகிறார். சாயங்காலம் திண்ணையில் நண்பர் தோடி ராகம் எடுத்தால் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இடத்தில் கையை உயர்த்துவார், மகன் நிறுத்திவிடுவார். அதே காந்தார ஸ்வரம் மறுபடி, மறுபடி. "அவசரப்படாதே, முகூர்த்தமா போகுது?" என்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, கல்யாணத்துல தோடி வாசிச்சா யாரு கேக்குறா? கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவாங்க, நிறுத்திட வேண்டியதுதான். இங்கதான் முழுசா வாசிக்க முடியும்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு மணி நேர ஆலாபனையைக் கையில் வைத்திருக்கிற மனிதர்களை மங்கல இசை என்று பத்து நிமிஷத்துக்குக் கூப்பிட்டு, அதையும் நாற்காலிகள் காலியாக இருக்கும் நேரத்தில் வைத்து, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாகஸ்வரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காதீர்கள். ஏசி மண்டபத்தில் மைக்கை அணசுக்கு, அதாவது நாயனத்தின் விரிந்த வாய்க்கு, நேரே வைத்துக் கேட்டுவிட்டு "சத்தம் ஜாஸ்தி" என்கிறார்களே, அது திறந்த வெளிக்கான வாத்தியம், தெருவில் சுவாமி புறப்பாட்டோடு நடந்து வந்தது. நண்பர் திண்ணையில் வாசிக்கும்போது நான் எழுந்து வாய்க்கால் வரப்பு வழியாகக் களத்துமேடு வரை போய்விடுவேன். சம்பா கதிர் வாங்கி நிற்கும், மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல்தான் மூடுவார்கள் என்பதால் வாய்க்காலில் தண்ணீரும் ஓடும். அவ்வளவு தூரத்தில் தோடி வேறு மாதிரி கேட்கிறது, முனை எல்லாம் மழுங்கி, சாரம் மட்டும் வந்து சேர்கிறது.

திருவாதிரை அன்று அண்ணி கிண்டும் களியையும் தாளகக் குழம்பையும் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். வெல்லம் தூக்கலாகப் போடுவார், அவ்வளவு சொல்லிக்கொள்கிறேன்.

உங்களுக்கும் இப்படி நாயனக்கார நண்பர் யாராவது இருந்தால் மார்கழி பாதிக்குள் போய்விடுங்கள். பொங்கல் நெருங்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிடும், வெற்றிலை பாக்கோடு ஆட்கள் வருவார்கள், நாட்காட்டியில் தை மாத வளர்பிறை நாட்கள் வட்டம் வட்டமாக நிரம்பும். முதல் முகூர்த்தத்துக்கு வேன் வந்துவிட்டால் அப்புறம் அவர் வாசிப்பைக் கேட்க நீங்களும் ஏதாவது கல்யாணத்துக்குத்தான் போகவேண்டும்.