டான் ஆற்றின் கடைசி வளைவு

டொராண்டோவில் டான் வேலி பார்க்வேயில் காரில் போகிறவர்கள் கண்ணுக்கு டான் ஆறு மரங்களுக்கு நடுவே அவ்வப்போது தட்டுப்படும், அவ்வளவுதான். இதை நடந்துதான் பார்க்க வேண்டும். மொத்தமே 38 கிலோமீட்டர் நீளமுள்ள சின்ன ஆறு.

நகருக்கு வடக்கே ஓக் ரிட்ஜஸ் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. பனியுகத்துப் பனிப்பாளங்கள் குவித்துவிட்டுப் போன மணலும் சரளையும்தான் அந்த மேடு. அதற்குள் இறங்கும் மழைநீரும் பனிநீரும் ஊற்றாகக் கசிந்து கிழக்கு டான், மேற்கு டான் என்று இரண்டு கிளைகளாக வருகின்றன. டான் மில்ஸ் சாலை அருகே இரண்டும் கூடுகின்றன. டெய்லர்-மாஸி ஓடையும் அங்கேதான் வந்து சேர்கிறது.

நான் அந்தக் கூடுதுறையிலிருந்து தெற்கே நடந்தேன். பள்ளத்தாக்கின் அகலத்துக்கும் ஆற்றுக்கும் பொருத்தமே இல்லை. பனி உருகிய காலத்துப் பெருவெள்ளம் வெட்டிய பள்ளம் அது. பாட்டரி சாலைப் பக்கம் ஒரு சிறு தடுப்பணை உண்டு. இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் ஒன்டாரியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வந்து அதில் துள்ளும். 1969-இல் இந்த ஆறு மாசுபட்டுச் செத்துவிட்டதாக அறிவித்து இறுதி ஊர்வலமே நடத்தினார்கள். அதை நினைத்துக்கொண்டு அந்த மீன்களைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும்.

கொஞ்சம் கீழே பழைய செங்கல் சூளை வளாகம். 1889-இல் தொடங்கியது. களிமண் வெட்டிய சரிவில், இப்போதையதைவிட வெப்பமாக இருந்த ஒரு காலத்து மரங்களின் தடயங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தகுந்த இடம்.

அப்புறம் காட்சி மாறிவிடுகிறது. ரிவர்டேலுக்குத் தெற்கே ஆறு நேர்கோடு. வளைந்து வளைந்து போனதை 1880-களில் வெட்டி நிமிர்த்தி, கரையில் தண்டவாளம் போட்டார்கள். முகத்துவாரத்தில் இருந்த பெரிய சதுப்பு நிலத்தையும் தூர்த்தார்கள். ஆற்றை மேற்கே செங்கோணமாகத் திருப்பிக் கீட்டிங் கால்வாயில் விட்டார்கள். எந்த ஆறும் தானாக இப்படித் திரும்பாது. அந்த மூலையில் வேகம் குறைந்து வண்டல் படியும். ஆண்டுதோறும் தூர்வார வேண்டியிருந்தது, வெள்ளத்துக்கும் போக்கிடம் இல்லை.

அதைச் சரிசெய்ய, துறைமுக நிலத்தின் வழியே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குப் புதுப் பள்ளத்தாக்கு வெட்டியிருக்கிறார்கள். 2024-இல் தண்ணீர் விட்டார்கள். கீட்டிங் கால்வாய் இன்னும் இருக்கிறது. ஆனால் ஆறு இப்போது தெற்கேயும் போய், சாவகாசமாக வளைந்து துறைமுகத்தில் சேர்கிறது. கரையெங்கும் சதுப்புச் செடிகள் நட்டிருக்கிறார்கள். இரண்டு வாய்க்கும் நடுவே உண்டான தீவுக்கு ஊக்வேமின் மினிசிங் என்று இங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், நேரம் குறைவாக இருப்பவர்கள் செங்கல் சூளையிலிருந்து முகத்துவாரம் வரை நடந்தாலே போதும். நேர்கோட்டையும் வளைவையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பெருமழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், கீழ்ப்பாதை தண்ணீரில் கிடக்கும்.